இந்தத் தரை

— காகிதத்த இழுக்காதீங்க மாமா. கிழிஞ்சா வேற இல்ல, இது ஒண்ணுதான் கொண்டுவந்தேன்.

— நான் எங்க இழுக்கிறேன் புவாலா? காத்து இழுக்குது. உங்க தொல்லியல் ஆபீஸ்லேருந்து இந்த ஏரிக்காத்துக்கும் ஒரு நோட்டீஸ் அனுப்பிடு, எங்க சந்துக்கு அனுப்பின மாதிரி.

— அத அனுப்பினது நகராட்சி. நாங்க இல்ல.

— சரி, கோவிச்சுக்காதே. மேல் மூலையப் பிடிக்கவா, கீழ் மூலையையா?

— மேல. ரெண்டு கட்டைவிரலையும் வச்சு அழுத்திக்குங்க. நான் தண்ணி தெளிக்கிறேன். இப்பப் பாருங்க, நனைஞ்சதும் காகிதம் தானாப் போய்க் கல்லோட ஒட்டிக்குது. இனிமே பிரஷ்ஷால தட்டணும். தேய்க்கக் கூடாது, தட்டத்தான் வேணும். தட்டத் தட்ட காகிதம் எழுத்தோட பள்ளத்துக்குள்ள இறங்கும். பாதி காஞ்சதும் மைத்துணியால ஒத்தி எடுத்தா மேடெல்லாம் கறுப்பாகும், பள்ளத்துல மை படாது.

— அப்ப எழுத்து மட்டும் வெள்ளையா நிக்கும்.

— அதான் விஷயம். எழுத்த நாம தொடறதே இல்ல. எழுத்து இல்லாத இடத்தத்தான் தொடறோம்.

— உங்கக்காவப் பொண்ணு கேட்டு வந்தப்ப நானும் அதத்தான் செஞ்சேன். உங்கப்பாகிட்ட வலையப் பத்திப் பேசினேன், மதகப் பத்திப் பேசினேன், அந்த வருஷம் கெண்டை ஏன் இத்துனூண்டா இருக்குன்னு பேசினேன். அவளப் பத்தி ஒரு வார்த்தை பேசல. கடைசில அவரே சலிச்சுப்போய், சரி கூட்டிட்டுப் போன்னுட்டார்.

— அக்கா அதச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பா. கம்மூனுக்கு நேரா வாய் வராது, சுத்தித்தான் வரும்பா.

— இருந்திருந்தா இப்பவும் சிரிப்பா. மூணு வருஷம் ஆகுது.

— கையத் தளர்த்தாதீங்க. காயறதுக்குள்ள அந்தப் படிவத்த முடிச்சிடலாமா? ரெண்டே கேள்விதான். கல்லு எங்க கிடைச்சுது, எப்பக் கிடைச்சுது. கீழ கண்டெடுத்தவர் கையெழுத்து.

— மொதல்ல கல்லு என்ன சொல்லுதுன்னு பாரு. கையெழுத்து எங்க ஓடிப்போகுது?

— நாளைக்குக் காலைல ஒன்பது மணிக்கு விசாரணை மாமா.

— எனக்குத் தெரியாதா? சந்துல முப்பத்திரண்டு வீடு, ஒரு வீட்டுலயும் நேத்துலேருந்து ஒழுங்கா அடுப்பெரியல. எங்க பக்கத்து வீட்டுக்காரன் கூரைத் தகரத்த அவனே கழட்டி அடுக்கிக்கிட்டிருக்கான். என்னடான்னா, இடிக்கிறவன் வந்தா வளைச்சுடுவான், நானே எடுத்தா தகரம் முழுசா மிஞ்சும்ங்கிறான்.

— தீர்ப்பு வரதுக்கு முன்னாடியேவா?

— அவன் ரெண்டு தீர்ப்புப் பாத்தவன். நகராட்சி வக்கீல் போன தடவை என்ன சொன்னார் தெரியுமா? மதகு கட்டி ஏரி பெருகினப்ப கீழ்க்கரை முழுகிப்போச்சு, அங்கேருந்து ஓடிவந்து மேட்டுல குந்தினவங்க இவங்க. அதுக்கு முன்னாடி அது வெறும் முள்ளுக்காடு. பட்டாவும் இல்ல, பாத்தியதையும் இல்ல. அவ்வளவுதான். உக்காந்துட்டார். எங்காளு எழுந்து நின்னு, ஐயா, அங்க எங்க தாத்தா காலத்துப் பலாமரம் நிக்குதுன்னான். எல்லாரும் சிரிச்சாங்க.

— அதனாலதான் சொல்றேன், கல்லு பேசினா பலாமரம் பேச வேண்டியதில்ல. நான் ரெண்டு வருஷமா சியாங்மாயில மாட்டிக்கிட்டேன். இல்லேன்னா நீங்க இத ஏரியிலேருந்து எடுத்த வாரமே வந்து படிச்சிருப்பேன்.

— ம்.

— என்ன ம்? காலைல பூரா பவுடரையும் தங்க இலையையும் சுரண்டிச் சுரண்டி என் நகம் போச்சு. கும்பிடுறதுன்னா ஒரு கும்பிடு போட்டுட்டுப் போகக் கூடாதா உங்க சந்துக்காரங்க?

— அதோ, நீ சொல்ற ஆளே வருது பாரு. கையில டப்பாவோட. வாங்க பெங் அக்கா.

— அய்யய்யோ, டீச்சரம்மா, எல்லாத்தயும் தொடச்சுட்டீங்களே. நான் ஒண்ணும் சொல்லல, சும்மா சொல்றேன். நாளான்னிக்கு லாட்டரிக் குலுக்கல். ஒரு சிட்டிகை பவுடர் தடவி விரலால தேச்சா மூணு நம்பர் தெரியும், அத நம்பித்தான் வந்தேன்.

— பெங் அக்கா, இது மணல்கல்லு. சோறு மாதிரி உதிரும். நீங்க தேய்க்கத் தேய்க்க அஞ்சாவது வரி அப்படியே போயிடுச்சு. அதுலதான் வருஷம் இருந்திருக்கணும்.

— வருஷம்னா நம்பர்தானே? நம்பர் இருக்கிற இடத்தத்தானே தேய்ப்போம். ஒருதரம் கடைசி ரெண்டு நம்பர் விழுந்துது தெரியுமா, அதுல புதுப் பானை வாங்கினேன். இனிமே பானை எதுக்கு, வைக்க வீடில்ல. ஏந்தம்பி கம்மூன், நாளைக்கு என்ன ஆகும்?

— தெரியலக்கா. கல்லு என்ன சொல்லுதுன்னு பாத்துட்டுச் சொல்றோம்.

— நான் ஒண்ணும் சொல்லல. ஆனா இந்தக் கல்லு கரையில நின்னதே தப்பு. கோயிலோடது கோயிலுக்குப் போயிருக்கணும். அத எடுத்து வெளிய வச்சதுலேருந்துதான் சந்துக்கே பீடை பிடிச்சுது. மத்ததெல்லாம் முறையா...

— அக்கா, உங்க அடுப்புல சோறு தீயுற வாசனை வருது.

— என் அடுப்புலயா? நான் ஒண்ணும்... இருங்க, பாத்துட்டு வரேன்.

— பாவம், ஓடுறாங்க. எனக்கு ஒரு வாசனையும் வரலயே மாமா.

— உனக்கு மையோட வாசனைதான் வரும். அத விடு, காஞ்சுதா?

— இன்னும் கொஞ்சம். பெங் அக்கா சொன்னாங்களே, கோயிலோடது கோயிலுக்குன்னு, அத நான் முழுகின கோயிலப் பத்தின அறிக்கையிலயே எழுதியிருக்கேன். எல்லா ஊர்லயும் வருஷப்பிறப்புக்கு ஆத்துமணல அள்ளிட்டுப்போய்க் கோயில்ல கொட்டுறாங்க. வருஷம் பூரா நம்ம கால்ல ஒட்டிக்கிட்டு வந்த கோயில் மண்ணுக்கு ஈடு. ஆனா உங்க சந்துக்காரங்க மட்டும் அந்த மணலப் படகுல ஏத்தி, நடு ஏரிக்குப் போய், முழுகின கோயில் மேல கொட்டுறீங்க. தண்ணிக்கடியில இருந்தாலும் கடன் கடன்தான்னு. அத எழுதறப்ப எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு.

— எங்க கோயில் அதானே. எங்கப்பா சொன்னார், அவங்கப்பா சொன்னாராம், அரசமரத்துக் கோயில் தண்ணியில போச்சுன்னு. யாரும் கண்ணால பாத்ததில்ல. போர் வந்து ஊரே நூறு வருஷம் காடாக் கெடந்துதாம், அப்புறம் திரும்பி வந்து குடியேறினவங்கதான் எல்லாரும். யாருக்கு எது எங்க இருந்துதுன்னு தெரியும்?

— ஆனா இருந்துதே. ஆறு வருஷத்துக்கு முன்னாடி எங்க ஆபீஸ் கோயிலத் தேடினப்ப நீங்கதானே படகு விட்டீங்க. குறி இல்ல, கொடி இல்ல, நேராப் போய் நிறுத்தி, இங்க இறங்கச் சொல்லுன்னீங்க. முங்கினவங்க மூணே நிமிஷத்துல ஒரு கல்லுக் கையோட மேல வந்தாங்க. எப்படி மாமா அவ்வளவு சரியா நிறுத்தினீங்க?

— கைக்குத் தெரியும்.

— அன்னிக்கும் இதத்தான் சொன்னீங்க.

— அன்னிக்கு நீ படகு ஓரத்துல தலையத் தொங்கப் போட்டு வாந்தி எடுத்துக்கிட்டிருந்தே. நான் என்ன சொன்னேன்னு உனக்கு எப்படிக் கேட்டுது?

— ஏரிக்கரையில பொறந்து நீச்சல் தெரியாதவ, நல்லாக் கேலி பண்ணுங்க. ஆனா ஒவ்வொரு கல்லுக்கும் நம்பர் நான்தான் போட்டேன். நாப்பத்திமூணு. புத்தர் கை, பாதம், தாமரைப் பீடத்துத் துண்டு. பதினேழாம் நம்பர் அந்த முகம். பாசி ஒதுங்கினதும் உதடு தெரிஞ்சுது பாருங்க, சிரிக்கலாமா வேண்டாமான்னு நினைக்கிற உதடு. கரையில உக்காந்து என் தோள்துண்டாலயே தொடச்சேன்.

— தொடச்சுக்கிட்டே அழுதே. உங்கக்கா கரையில நின்னு பாத்துக்கிட்டே இருந்தா. வீட்டுக்கு வந்து ஒரு வார்த்தை பேசல.

— சந்தோஷத்துல.

— இருக்கும்.

— எனக்கு ஒண்ணுதான் இன்னிவரைக்கும் புரியல. செங்கல் இல்ல. கோயில்னா கீழ செங்கல் அடித்தளம் இருந்தே ஆகணும். அங்க வெறும் சேறு. கல்லெல்லாம் மூட்டையிலேருந்து கொட்டின மாதிரி ஒண்ணு மேல ஒண்ணு. யோசிச்சு யோசிச்சு, மதகு மூடினப்ப தண்ணி புரண்டு அடித்தளத்தக் கரைச்சிருக்கும்னு எழுதினேன். பாங்காக்குலேருந்து வந்தவங்க தலையாட்டிட்டாங்க.

— நீ படிச்சவ.

— படிச்சு என்ன செஞ்சேன்? அந்த அறிக்கையாலதான் முழுகின கோயில்னு பேர் வந்துது. பேர் வந்ததாலதான் சுற்றுலாப் படகுக்கு நகராட்சி படித்துறை கட்டப்போகுது. கோயிலுக்கு நேர் எதிர்க்கரை உங்க சந்து, அதனால படித்துறை அங்கதான் வரணுமாம். சந்து முனையில அந்தப் பதினேழாம் நம்பர் முகத்த ஆளுயரத்துக்குப் பலகையில போட்டு, மூழ்கிய கோயிலுக்கு வழின்னு அம்புக்குறி. அம்பு நேரா உங்க வீட்டு வாசலக் காட்டுது. நான் ஒரு ஊரக் காப்பாத்தறேன்னு நினைச்சுக்கிட்டு எழுதினேன் மாமா.

— உன்ன யாரும் ஒண்ணும் சொல்லலயே.

— சொல்லாததுதான் கஷ்டமா இருக்கு. சரி, மைத்துணியக் குடுங்க. இந்தப் பக்கம் வாங்க, வெயில மறைக்காதீங்க. சூரியன் மலைக்கு ஒரு முழம் மேல நிக்குது, இதுதான் நல்ல நேரம். உச்சி வெயில்ல கல்லு ஊமை. சாய்ஞ்ச வெயில்ல ஒவ்வொரு பள்ளத்துக்கும் ஒரு நிழல் விழும், காகிதத்துல சந்தேகம் வந்தா கல்லப் பாத்துத் தீத்துக்கலாம்.

— அட, வருதே. கறுப்புல வெள்ளையா. நிஜமாவே புளியங்காய் மாதிரிதான் வளைஞ்சிருக்கு ஒவ்வொண்ணும்.

— புளியங்காய் எழுத்துன்னுதானே பேரே. உளிய எடுக்காம ஒரே இழுப்புல வளைக்கணும்னா காய் மாதிரிதான் வரும். இருங்க. படிக்கிறேன், பேசாதீங்க.

— நான் எங்க பேசினேன்?

— ஊரோட தலைவனும் அவன் தாயும். மனசு தெளிஞ்சு. அரசமரத்துக் கோயில் புத்தருக்கு வயலும், அப்புறம் குடும்பமும் கொடுத்தாங்க. இருபது குடும்பம். பேர் இருக்கு மாமா. பேர் பேரா இருக்கு. இந்தாங்கிறவன் வீடு. மூன் வீடு. வலைக்காரன் சாய் வீடு.

— வலைக்காரனா?

— வலைக்காரன். தெளிவா இருக்கு. வலைக்காரன் கம் வீடு, அவன் தம்பி வீடு. ஒரு குடும்பம் விளக்குக்கு எண்ணெய் ஊத்தணும், ஒரு குடும்பம் பெருக்கணும், வலைக்காரங்க படகு பாத்துக்கணும்.

— அப்ப நாங்கதான். நாங்க மதகு கட்டினதுக்கப்புறம் வந்தவங்க இல்ல. எங்கள ஒருத்தன் எழுதி வச்சுட்டுப் போயிருக்கான். அடேங்கப்பா. கொடுத்தாங்கன்னா, அடிமையாவா?

— ஆமா. கோயிலுக்கு அடிமை. விக்க முடியாது, வாங்க முடியாது, ராஜாவே கூப்பிட்டாலும் வேற வேலைக்குப் போக வேண்டியதில்ல.

— பரவால்ல. நகராட்சிக்கு அடிமையா இருக்கறதுக்கு அது தேவலாம். அப்புறம்?

— பொறுங்க, இதுதான் முக்கியம். பின்னால வர்ற எந்தத் தலைவனும் இந்தக் குடும்பங்கள இந்தத் தரைய விட்டு நகர்த்தக் கூடாது. நகர்த்தினவன் அவீசி நரகத்துல விழட்டும். புத்தர் நெறியோட ஐயாயிரம் வருஷம் முடியறவரைக்கும்.

— இன்னொருதரம் சொல்லு.

— இந்தத் தரைய விட்டு நகர்த்தக் கூடாது.

— போதும். எனக்கு இது போதும். நாளைக்கு நான் அந்த வக்கீல் முன்னாடி நின்னு இத மட்டும் சொல்றேன். நரகத்தச் சொல்ல வேணாம், அத அவரே படிச்சுக்கட்டும். ஏன் புவாலா, ஏன் முகம் இப்படிப் போகுது?

— இந்தத் தரைன்னு எழுதியிருக்கான் மாமா. கிழக்குன்னு இல்ல, மேற்குன்னு இல்ல, எந்த ஓடைக்குப் பக்கம்னு இல்ல. கல்ல நட்டவனுக்கு அது தேவையில்ல. கல்லு நிக்கிற இடம்தான் இந்தத் தரை.

— சரி.

— கல்லு எங்க கிடைச்சுது? ஏரியில. அப்ப இந்தத் தரைன்னா ஏரிக்கடி. வக்கீல் என்ன சொல்வார்னு எனக்கு இப்பவே கேக்குது. உங்கள ஏரிக்கடிய விட்டு யாரும் நகர்த்தலயே, தாராளமாப் போய் இருங்கன்னுவார். எல்லாரும் சிரிப்பாங்க. பலாமரத்துக்குச் சிரிச்ச மாதிரி.

— கல்லு எங்க கிடைச்சுதுங்கிறது அவ்வளவு பெரிய விஷயமா?

— கல்லு சொல்றது பாதி. கல்லு நின்ன இடம் சொல்றது மீதி. எடுத்து நகர்த்திட்டா பாதி ஊமையாயிடும். என்னன்னு சொல்றது, ஒரு வீட்டுக் கதவ மட்டும் கழட்டி எடுத்துட்டு வந்து, இது யார் வீடுன்னு கேக்கிற மாதிரி. ஒருவேளை கரையோரமாக் கிடைச்சுதா? சந்துக்குக் கிட்டக்க? யோசிச்சுச் சொல்லுங்க. கொஞ்ச தூரம் இப்படி அப்படின்னாக்கூட உதவும்.

— புவாலா.

— சொல்லுங்க.

— அது ஏரியில கிடைக்கல.

— பேப்பர்ல உங்க படமே வந்துதே. படகுல கல்லு, பக்கத்துல நீங்க, கீழ வறட்சியில் வெளிவந்த கல்வெட்டுன்னு.

— படகுல இருந்துது. ஏரியிலேருந்து வரல, ஏரிக்குப் போய்க்கிட்டிருந்துது. உங்கக்கா போனதுக்கப்புறம் சமையல்கட்டுக் கம்பம் ஒண்ணு கறையான் அரிச்சுச் சாய்ஞ்சுது. புதுசு நடக் குழி தோண்டினேன். கடப்பாரை டங்குன்னுது. மண்ணத் தள்ளிப் பாத்தா எழுத்து. கோயில் பொருள் மேல அடுப்பு வச்சு இத்தனை வருஷம் மீன் பொரிச்சிருக்கோம். அவ போனது அதனாலதானோன்னு ஒரு நினைப்பு. விடிஞ்சதும் படகுல ஏத்தினேன். கரை முனையில வறட்சியப் படம் எடுக்க வந்தவன் ஒருத்தன் நின்னான். கல்லப் பாத்துட்டு, ஏரியிலேருந்தான்னு கேட்டான்.

— நீங்க?

— ஆமான்னுட்டேன். வாய் தானாச் சொல்லிடுச்சு. அப்புறம் கூட்டம் கூடிடுச்சு, மாலை போட்டாங்க, கொட்டகை கட்டினாங்க. அந்த ஒரு ஆமாவ நான் எங்க போய்த் திருப்பி எடுக்கறது?

— மாமா, நில்லுங்க. கல்லு நின்னுக்கிட்டிருந்துதா, படுத்துக்கிட்டிருந்துதா?

— நின்னுக்கிட்டு. செங்குத்தா. ஆட்டி ஆட்டித்தான் எடுத்தேன்.

— எழுத்து எந்தப் பக்கம் பாத்துது?

— ஏரியப் பாத்து. கிழக்க.

— கீழ என்ன இருந்துது? வெறும் மண்ணா?

— செங்கல். வரிசையா. பெருசு பெருசா, ஒரு முழ நீளம். குழிக்கு அந்தப் பக்கமும் போச்சு, இந்தப் பக்கமும் போச்சு. நான் சிமெண்ட் போட்டு மூடி கம்பத்த நட்டுட்டேன்.

— செங்கல் வரிசை. நின்ன கல்லு. கிழக்கப் பாத்த முகம். மாமா, அது அந்த இடத்துலயே நட்டது. ஒருத்தரும் அசைக்கல. உங்க சமையல்கட்டுதான் இந்தத் தரை. உங்க சந்துதான்.

— அப்ப நல்லதுதானே. ஏன் உக்காந்துட்டே?

— எங்க சட்டம் எப்படி வேலை செய்யும்னு நான் சொல்லணும். பழைய கல்லு தனியாக் கிடைச்சா, கல்ல மட்டும் எடுத்துக்குவாங்க. அது செங்கல் அடித்தளத்து மேல நின்னபடி கிடைச்சா, அது கல்லு இல்ல, இடம். இடம்னா நினைவுச்சின்னம். சுத்தி வேலி போடுவாங்க. வேலிக்குள்ள ஒருத்தரும் குடியிருக்கக் கூடாது. ராஜா குடுத்த பட்டா இருந்தாக்கூட.

— அப்ப ஏரியில கிடைச்சுதுன்னா படித்துறைக்காகப் போகணும். சந்துல கிடைச்சுதுன்னா கோயிலுக்காகப் போகணும்.

— ஆமா.

— நகர்த்தக் கூடாதுன்னு கல்லு சொல்லுது. கல்லு சொல்றதாலயே நகர்த்துவாங்க.

— அந்தச் சட்டத்துக்கு வகுப்பு எடுத்தவ நான். ரொம்ப நல்ல சட்டம்னு சொல்லிக் குடுத்திருக்கேன்.

— வெத்தலப் பெட்டிய எடு.

— இருங்க மாமா. இருங்க, ஒரு வழி இருக்கு. செங்கல நீங்க மட்டும்தானே பாத்தீங்க?

— நான் மட்டும்தான்.

— அப்ப நான் அத எழுதல. எழுதலேன்னா எழுதல. முப்பது வருஷத்துல இப்படி ஒண்ணு செஞ்சதில்ல, இன்னிக்குச் செய்றேன். கல்லு உங்க சமையல்கட்டுல, நின்னபடி. அவ்வளவுதான். ஒரே கல்லுன்னா ஒரே புள்ளி. ஒரு புள்ளிக்கு வேலி ஒரு வீட்டளவுதான் வரும். உங்க வீடு போகும் மாமா. அத என்னால தடுக்க முடியாது. ஆனா இந்தத் தரைங்கிறது சந்துன்னு நிக்கும். மீதி முப்பத்தொரு வீட்ட நகர்த்தறதுக்கு நகராட்சி யோசிக்கும். கல்லுல பேர் இருக்கிற குடும்பங்க. பேப்பர்க்காரங்க விட மாட்டாங்க.

— என் வீடு மட்டும்.

— உங்க வீடு மட்டும். என்கிட்ட வந்து இருங்க. சியாங்மாயில ஏரி இல்ல, ஆனா ஒரு ஆறு இருக்கு.

— ஆறா? அதுல கெண்டை எப்படின்னு பாக்கணும். போகட்டும். உங்கக்கா சாமான் ஒரு பெட்டிதான். பக்கத்து வீட்டுக்காரன்கிட்ட தகரத்தத் திருப்பி மேல போடச் சொல்றேன். எழுது.

— எழுதறேன். கம்மூன் ஆகிய நான், மீன்காரச் சந்து, என் வீட்டுச் சமையல்கட்டுல கம்பம் நடக் குழி தோண்டினப்ப. சரியா? இன்னொரு கேள்வியும் கேப்பாங்க, அதுக்கும் இப்பவே எழுதிடறேன். அந்தச் சந்துல வேற எந்த வீட்டுலயாவது, எப்பவாவது, இது மாதிரி எதாவது கிடைச்சிருக்கா? இல்லேன்னு சொல்லணும். புத்தர் முன்னாடி நின்னு சத்தியம் வாங்குவாங்க, பயப்படாதீங்க. இல்லேன்னு ஒரே வார்த்தைதான். ரெண்டுன்னு வந்துட்டாலே அது புள்ளி இல்ல, இடம் ஆயிடும். முழுச் சந்தும் போயிடும். ஆனா அந்தக் கவலை நமக்கில்ல, வேற எதுவும் கிடைக்கல. இங்க போடுங்க கையெழுத்து. மாமா? பேனாவப் பிடிங்க. ஏன் ஏரியப் பாக்கிறீங்க?

— அந்தச் சத்தியத்த நான் செய்ய முடியாது.

— ஒரு ஆமா சொன்னவரு ஒரு இல்ல சொல்லக் கூடாதா?

— ஏரிக்கடியில கோயில் இல்ல புவாலா. நீ நம்பர் போட்ட நாப்பத்திமூணும் எங்க சந்துல வீட்டுக்கு வீடு தோண்டினப்ப வந்தது, கோயிலோடது கோயிலுக்குன்னு ஆளாளுக்குப் படகுல கொண்டுபோய் அங்க போட்டுக்கிட்டே இருந்தோம்; அந்தப் பதினேழாம் நம்பர் முகத்தக் கழுவி, பாலூத்தி, மடியில வச்சுக்கிட்டு வந்து தண்ணியில விட்டது உங்கக்கா.